குலுக்காத குதிரையில் ஆறு நாள்: முதுகு தாங்குமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு 48 வயது. இடுப்புக்குச் சற்று மேலே பல வருடமாக ஒரு வலி வந்து போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை இரண்டே முறை குதிரை ஏறியிருக்கிறீர்கள். இரண்டு முறையும் குலுக்கிய குலுக்கலில் எப்போது இறங்குவோம் என்றாகிவிட்டது. இப்போது நண்பர்கள் ஆறு நாள் நாட்டுப்புறக் குதிரைப் பயணம் ஒன்றுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே தருவது குலுக்காத நடை கொண்ட குதிரைகள், கையில் நிறைகுவளையோடு போனாலும் சொட்டுச் சிந்தாது, முன்பின் குதிரை ஏறாதவர்களும் முதுகுவலிக்காரர்களும் தாராளமாக வரலாம் என்கிறது விளம்பரம். இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது குதிரையைப் பற்றி. அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் வீதம் ஆறு நாள் சேணத்தில் உட்கார என் உடம்பு இடம் கொடுக்குமா, இல்லை பணத்தைக் கட்டிவிட்டு இரண்டாம் நாளே படுத்துவிடுவேனா? முதல் கேள்விக்குப் பதில் எளிது: குலுக்காத நடை என்று ஒன்று உண்டு, அது வியாபாரப் பேச்சு இல்லை. இரண்டாவது கேள்விக்கு அந்த நடை பாதிப் பதில்தான். அது குலுக்கலைக் குறைக்கும், மணிக்கணக்கைக் குறைக்காது.

நான் இருபது வருடத்துக்கு மேல் குதிரை ஏறுகிறேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன், சின்னக் குழுக்களை நீண்ட பயணம் கூட்டிப்போனேன். மருத்துவர் இல்லை. முதுகைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கூட வந்தவர்களைப் பார்த்தும், என் முதுகிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு முறையும் அவஸ்தைப்பட்டது அநேகமாக டிராட்டில் இருக்கும். சாதாரணக் குதிரை மெதுவாக நடக்கும், அதைவிட வேகம் வேண்டுமென்றால் டிராட்டுக்குப் போகும், அப்புறம் கேன்டர், கடைசியாக நாம் நாலுகால் பாய்ச்சல் என்று சொல்கிற கேலப். டிராட்டில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகத் தரையில் விழும். பிறகு ஒரு கணம் நான்கு கால்களும் காற்றில் இருக்கும். பிறகு மற்ற இரண்டும் சேர்ந்து விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் குதிரையின் முதுகு எழும்பி உங்களைத் தூக்கிப் போடுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 தடவை இப்படி நடக்கும். பழகியவர்கள் ஒரு தட்டுக்கு எழுந்து மறு தட்டுக்கு உட்கார்ந்து இதைச் சமாளிப்பார்கள். பழகாதவர் மூட்டை மாதிரி விழுந்து விழுந்து எழுவார். முதல் நாளிலேயே முதுகு பிடித்துக்கொள்வது அதனால்தான்.

குலுக்காத நடையில் கால்கள் இரண்டிரண்டாக விழுவதில்லை. ஒவ்வொன்றாக, நான்கும் தனித்தனியாக விழும். எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும், குதிரை முழுதாகக் காற்றில் எழும்பும் கணமே கிடையாது. தாளம் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்: டிராட் 'தக தக' என்று போகும், கேன்டர் 'தகிட' என்று போகும், இந்த நடை 'தகதிமி தகதிமி' என்று போகும். சாதாரண நடையும் 'தகதிமி'தான், அது விளம்ப காலம், அதாவது மெதுவான வேகம். ஐஸ்லாந்துக் குதிரையின் டொல்ட் என்ற நடையில் கால் விழும் வரிசை சாதாரண நடையில் இருப்பதேதான், காலம் மட்டும் ஏறியிருக்கிறது. கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தைக் கேளுங்கள். நான்கு தட்டும் சம இடைவெளியில் விழுந்தால் மேலே உட்கார்ந்திருப்பவர் சுகமாக இருக்கிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இது எப்படி வந்தது என்பதில் ஒரு பகுதி தெளிவாகத் தெரியும். 2012இல் சுவீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில், டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது இந்த நடைகளோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டினார்கள். தண்டுவடத்தில் இடது வலது கால்களை ஒத்திசைக்கும் நரம்பணுக்களில் வேலை செய்கிற மரபணு அது. வேடிக்கை என்னவென்றால், வண்டி இழுத்துப் பந்தயம் ஓடும் டிராட் குதிரைகளிலும் இதே மாற்றம் இருக்கிறது. வேகம் ஏற ஏறப் பாய்ச்சலுக்குத் தாவாமல் டிராட்டிலேயே நிற்க அது உதவுகிறது. ஆகவே இந்த மரபணு இருந்தால் குதிரை குலுக்காது என்று முடிச்சுப் போட முடியாது. அது கதவைத் திறந்துவைக்கிறது. உள்ளே போவது மற்ற மரபுக்கூறுகளையும் உடல்வாகையும் பயிற்சியையும் பொறுத்தது. 2016இல் பழைய எலும்புகளை ஆராய்ந்த இன்னொரு குழு, இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் குதிரைகளிலும், அதே காலத்தை ஒட்டிய ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் இந்த மாற்றத்தைக் கண்டது. அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது என்பது அவர்கள் முடிவு. எலும்புகள் இருப்பது உறுதி. பரவிய வழி நல்ல ஊகம்.

இடைக்கால ஐரோப்பாவில் நெடும்பயணம் போனவர்கள் இப்படிப்பட்ட குதிரையைத்தான் விரும்பினார்கள். சாலை நன்றாகி வண்டிகள் பெருகியதும், வண்டி இழுக்க டிராட் குதிரையே தோது என்றாகி, இவை மெல்ல ஓரங்கட்டப்பட்டன. சாலையே இல்லாத இடத்திலும், ஒரே மனிதன் நாள் முழுக்கச் சேணத்தில் இருந்தாக வேண்டிய இடத்திலும் தங்கிவிட்டன. இன்று இப்படிப்பட்ட பயணங்கள் நடக்கும் இடங்களை வரைபடத்தில் பார்த்தாலே இது புரியும். ஐஸ்லாந்து ஒன்று. பெருவின் கடலோரப் பண்ணைகளில் வளர்ந்த பெருவியன் பாசோ ஒன்று. கொலம்பியா, புவெர்ட்டோ ரிக்கோ பக்கம் பாசோ ஃபினோ. பிரேசிலில் மங்கலார்கா மார்ச்சடோர். அமெரிக்கத் தோட்ட முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் வரிசை வரிசையாகப் பயிரைப் பார்த்துக்கொண்டு போன டென்னசி வாக்கர், ஓசார்க் மலைப்பகுதியின் மிசூரி ஃபாக்ஸ் டிராட்டர். ராஜஸ்தானின் மார்வாரியிலும் ரேவால் என்று ஒரு மென்மையான நடை உண்டு. ஆனால் எல்லா மார்வாரிக்கும் அது வராது.

இவை எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். டென்னசிக் குதிரை ஒவ்வோர் எட்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே, பின்னங்காலை முன்னங்கால் சுவட்டையும் தாண்டி வைத்து, நீளமாகச் சறுக்கும். பெருவியன் பாசோ முன்னங்கால்களைத் தோளிலிருந்தே வெளிப்புறமாக வட்டமாக வீசி வைக்கும். நீச்சல்காரன் கை வீசுவது போல இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர் காலில் ஏதோ கோளாறு என்று நினைப்பார், நானும் நினைத்தேன். மிசூரிக் குதிரையில் தாளம் சமமாக இருக்காது, இரண்டு தட்டு நெருங்கியும் அடுத்த இரண்டு சற்றுத் தள்ளியும் விழும். லேசான ஓர் ஆட்டம் இருந்தாலும் கரடுமுரடான பாதையில் கால் வைப்பது உறுதியாக இருக்கும். முதுகுக்கு எது சிறந்தது என்று கேட்டால், இனத்தைவிட அந்த ஒரு குதிரைதான் முக்கியம் என்பேன். ஒரே இனத்தில் பட்டு மாதிரியும் உண்டு, பலகை மாதிரியும் உண்டு.

சரி, விளம்பரத்தில் வரும் குவளைக்கு வருவோம். ஐஸ்லாந்துக் குதிரைக்காரர்கள் பீர் நிறைந்த குவளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டொல்ட்டில் போகும் போட்டி நடத்துவது உண்மை. குறைவாகச் சிந்தியவருக்கு வெற்றி. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரை சமமாக இருக்கும், மேலே இருப்பவர் சின்ன வயதிலிருந்து குதிரை ஏறுகிறவர், குதிரை அவருடைய சொந்தக் குதிரை. மேடு பள்ளமான பாதையில், நேற்று வேறொருவரைச் சுமந்த குதிரையில், கடிவாள வாரை எப்படிப் பிடிப்பது என்றே யோசித்துக்கொண்டிருக்கும் நீங்கள் உட்கார்ந்தால் குவளையில் பாதிதான் மிஞ்சும். பாதி மிஞ்சுவதே டிராட்டோடு ஒப்பிட்டால் பெரிய விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நடை ஒரு பொத்தானை அழுத்தினால் வருவதில்லை. இறக்கத்தில், சேற்றில், கல் நிறைந்த இடத்தில், களைத்துப்போன மாலையில் குதிரை தாளத்தை விட்டுவிடும். சில டிராட்டுக்கு நழுவும். சில, ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்து வைக்கும் பக்க நடைக்கு நழுவும். ஒட்டகம் ஏறியவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும், இடமும் வலமுமாக உருட்டும். இடுப்பு வலி இருப்பவருக்கு இந்த உருட்டல் டிராட்டைவிட மோசமாகவும் இருக்கலாம். நழுவுவதில் சவாரிக்காரர் பங்கும் பெரிது. பயத்தில் முழங்காலால் இறுக்கி முன்னால் குனிந்தால் குதிரையின் முதுகு இறுகும், தாளம் போய்விடும். அது குலுக்கும், நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், அது இன்னும் குலுக்கும். புதியவர்கள் 'எனக்கு மட்டும் மோசமான குதிரை கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். எப்போதும் இல்லை. ஒருமுறை நானே விருந்தாளியாகப் போன ஒரு பயணத்தில், மென்மையான குதிரை என்று சொல்லிக் கொடுத்தது மூன்று நாளும் டிராட் தவிர வேறொன்றும் அறியாததாக இருந்தது. நடத்தியவரிடம் கேட்டேன். 'நேற்று வந்தவருக்கு நன்றாகத்தான் போனது' என்றார். நேற்று வந்தவரையே கேட்டேன், அவரும் சிரித்தார்.

நல்ல வழிகாட்டிகள் குதிரையை நாள் முழுக்க மென்னடையிலேயே விரட்ட மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நடையில் முதுகும் பின்னங்காலும் உழைக்கின்றன, நடை மாறினால்தான் தசைக்கு ஓய்வு. ஐஸ்லாந்தில் பல நாள் பயணங்களில் சேணம் இல்லாத குதிரைகளையும் மந்தையாகக் கூடவே ஓட்டிப்போய், நடுவழியில் சவாரிக் குதிரையை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. குதிரைக்கு அது அருமையான ஏற்பாடு. உங்களுக்கு அது இரட்டைச் சோதனை: ஒரு குதிரையின் தாளம் உடம்பில் படிந்த நேரத்தில் இன்னொன்று வரும், மந்தையோடு சேர்ந்து போவதால் வேகமும் உங்கள் விருப்பப்படி இருக்காது. முதல் பயணத்துக்கு மந்தையோடு போகும் ஏற்பாட்டை நான் சொல்லவே மாட்டேன், விளம்பரப் படத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இப்போது முதுகு. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை செய்து இறுகிப்போன சாதாரண முதுகுகள் பலவும் இந்தக் குதிரைகளில் நன்றாகவே தாக்குப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலை முனகுவார்கள், மூன்றாம் நாள் முனகல் தொடைக்கும் முழங்காலுக்கும் மாறிவிடும். காலில் மின்னல் மாதிரி இறங்கும் வலி உள்ளவர்கள், வட்டு விலகியது என்று சொல்லப்பட்டவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் குலுக்கலைவிட ஏறுவதும் இறங்குவதும், காலை அகட்டி நான்கு மணி நேரம் அசையாமல் இருப்பதும்தான் வினை. மெதுவான நடையிலேயே அவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்தேன். குதிரையின் அசைவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது, அது பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் நின்று, குறுகிய நேரம், பெரும்பாலும் சாதாரண நடையில் செய்வது. அதைக் காட்டி, ஆறு நாள் சவாரி முதுகுவலியைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் வலி எந்த வகை என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மருத்துவரிடம் போகும்போது 'குதிரை ஏறலாமா' என்று மட்டும் கேட்காதீர்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை நாள், காலை எவ்வளவு அகட்ட வேண்டும், விழவும் வாய்ப்பு உண்டு என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். எலும்பு அடர்த்தி குறைவு என்று முன்பே தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எவ்வளவு மென்மையான நடையாக இருந்தாலும் சேணத்திலிருந்து தரை தூரம்தான். மிரண்டு ஒதுங்கும் குதிரைக்கு மென்னடை ஏது? தலைக்கவசம் தராத இடத்துக்குப் போகாதீர்கள்.

புதியவர்கள் யாரும் எதிர்பார்க்காத வலி ஒன்று உண்டு: முழங்கால். சேணத்திலிருந்து தொங்கும், கால் நுழைக்கிற அங்கவடியின் நீளம் சரியில்லை என்றால் இரண்டு மணி நேரத்தில் முழங்காலின் வெளிப்பக்கம் எரியத் தொடங்கும். என் முதல் நீண்ட பயணத்தில் அங்கவடி ஒரு துளை குட்டையாக இருந்தது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கப் போனேன். மறுநாள் படி இறங்கப் பின்பக்கமாகத் திரும்பி இறங்க வேண்டியிருந்தது. வாரில் ஒரு துளை மாற்ற வழிகாட்டிக்கு அரை நிமிடம் ஆகாது. முதல் அரை மணி நேரத்திலேயே கேளுங்கள், பிறகு மறுபடியும் கேளுங்கள். அப்புறம் உள்தொடையில் தையல் இல்லாத கால்சட்டை. தடித்த ஜீன்ஸ் தையல் முதல் நாளே தோலை உரித்துவிடும். அங்கவடிக்குள் கால் நழுவிப் போகாதபடி சின்னக் குதிகால் உள்ள காலணி. ஐஸ்லாந்து போவதாக இருந்தால், ஏற்கெனவே பயன்படுத்திய சேணம், கடிவாளம், தோல் கையுறை எதையும் எடுத்துப் போக முடியாது. ஆயிரம் வருடத்துக்கு மேலாக வெளிக்கலப்பு இல்லாமல் வாழும் அந்தக் குதிரைகளுக்குப் பல நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. அங்கிருந்து வெளியே போன குதிரையைக்கூடத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். பழைய சவாரி உடைகளையும் துவைத்துக் கிருமிநீக்கம் செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்த இனங்களில் பல சிறியவை. ஐஸ்லாந்துக் குதிரை பெரும்பாலும் 330 முதல் 380 கிலோ வரைதான் இருக்கும். சவாரிக்காரர், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். 2008இல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுக் குதிரைகளை 15, 20, 25, 30 சதவீதச் சுமையோடு ஓடவிட்டுப் பார்த்தபோது, 25ஐ எட்டிய பிறகு தசை வலிக்கான அறிகுறிகள் கூடின. எட்டே குதிரைகள், அவையும் இலகு ரகச் சவாரிக் குதிரைகள். எல்லா இனத்துக்கும் இதே கோடு என்று அடித்துச் சொல்ல இது போதாது. எலும்பு கனமான சின்னக் குதிரை இன்னும் தாங்கும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, நடைமுறையில் பல இடங்களில் 20ஐத் தாண்டியும் ஏற்றுகிறார்கள். 360 கிலோக் குதிரைக்கு 20 சதவீதம் என்றால் 72 கிலோ, சேணத்தையும் சேர்த்து. உங்கள் எடையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரம் அதிகமானால் முதலில் கெடுவது குதிரையின் தாளம். குதிரைக்கு வலித்தால் உங்களுக்கும் குலுங்கும்.

அதனால் நடத்துகிறவர்களிடம் என்ன இனம் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் எடையையும் அனுபவத்தையும் அவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் எனக்கு அந்த இடம் வேண்டாம். சேணத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 'முழுநாள்' என்றால் சிலர் மூன்று மணி நேரம் என்பார்கள், சிலர் ஏழு. நான் நடத்தியவை நாளுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வரை, நான்கைந்து மணி நேரம். நடுவில் ஒருநாள் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் பொருட்களோடு வரும் வண்டியில் ஏறிக்கொள்ள முடியுமா என்பது உங்களுக்கு மிக முக்கியமான கேள்வி. இது ஒன்றுக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் இந்த முறை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் சேணத்தைக் கழற்றிய பிறகு குதிரையைப் பாருங்கள். பிடரி முடிகிற மேட்டிலும் அதன் இருபுறமும் கருமையான தோலுக்கு நடுவே திட்டுத் திட்டாக வெள்ளை முடி இருந்தால், எப்போதோ பொருந்தாத சேணம் அழுத்திய தழும்பு அது. ஒரு குதிரைக்கு இருந்தால் பழைய கதையாக இருக்கலாம், லாயம் முழுக்க இருந்தால் அந்த இடத்தின் வழக்கமே அதுதான். முதுகை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் குதிரை நெளிந்து தாழ்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: கண்காட்சிகளில் சில டென்னசிக் குதிரைகள் முன்னங்காலை மார்பு வரை தூக்கித் தூக்கி வைப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்துக்காகக் காலில் எரியும் மருந்து தடவும் கொடுமை ஒரு காலத்தில் பெருகி, அதைத் தடுக்க அமெரிக்காவில் 1970இல் சட்டமே போட வேண்டி வந்தது. பாதையில் போகும் குதிரைக்கு அந்த உயரம் தேவையே இல்லை. காலை எவ்வளவு உயரமாகத் தூக்குகிறது என்பதற்கும் மேலே எவ்வளவு சுகம் என்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

எப்படி உட்காருவது என்பதை எழுத்தில் சொல்வது நீச்சலை எழுத்தில் சொல்வது போல. இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். நல்ல விறுவிறுப்பான சாதாரண நடையில் தொடங்குங்கள். மூச்சை விட்டு, பிட்டத்தின் அடியெலும்பு இரண்டும் சேணத்தில் பதியும்படி நிமிர்ந்து, மிகச் சிறிதளவு பின்னால் சாய்ந்து உட்காருங்கள். கால் தொங்கட்டும், கவ்வ வேண்டாம். கையைச் சற்று உயர்த்தி, கடிவாள வார் வழியாகக் குதிரையின் வாயை லேசாகத் தொட்டுக்கொண்டே, அதை முன்னே போகச் சொல்லுங்கள். நடை அப்படியே வேகமாகும், உங்கள் இடுப்பில் இடம் வலமாகச் சின்ன அசைவு வரும், தலை ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், விதிவிலக்கே பார்த்ததில்லை. குலுங்கத் தொடங்கினால் தாங்கிக்கொண்டு போகாதீர்கள். சாதாரண நடைக்கு இறக்கி மறுபடி கேளுங்கள். டிராட்டில் எழுந்து உட்காரவும் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் காப்பீடு. அந்த வித்தை மென்னடையில் செல்லாது. தூக்கிவிட அங்கே ஒரு தட்டே இல்லாததால் எழ முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ஆறு நாளுக்கு இப்போதே பணம் கட்ட மாட்டேன். முதலில் பக்கத்தில் எங்கே குதிரை கிடைத்தாலும், எந்த இனமானாலும் சரி, எட்டு பத்து வகுப்பு போவேன். நிறுத்த, திருப்ப, வேகம் கூட்டிக் குறைக்கத் தெரிந்த பிறகு ஒரு நாள் இரண்டு மணி நேரம் தொடர்ந்து சாதாரண நடையில் மட்டும் உட்காருவேன். முடிவு சொல்வது மறுநாள் காலை. படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தொடை வலித்தால் நல்ல செய்தி, அது பழக்கத்தில் போகும். பழைய இடத்தில் பழைய வலி கூடியிருந்தால், உலகின் எந்தக் குதிரையும் ஐந்து மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்காது. தேறிவிட்டால் இரண்டு மூன்று நாள் பயணம் ஒன்று, நாளுக்கு நான்கு மணி நேரத்துக்குள். நண்பர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்றால் அவர்களோடு போய் ஒன்றுவிட்டு ஒருநாள் மட்டும் ஏற முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

போகும்போது மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் குதிரையை நடத்திக்கொண்டு கூடவே நடங்கள். உங்கள் இடுப்பு விரியும், அதன் முதுகும் ஆறும். மறுபடி ஏற, தரையிலிருந்து எம்பாமல் ஒரு கல்லையோ மரப்படியையோ தேடுங்கள். கீழிருந்து எம்பினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டுக் குதிரையின் முதுகெலும்பை முறுக்கும், உங்கள் முதுகையும்தான். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், நான் பத்து வருடமாகப் படி இல்லாமல் ஏறுவதில்லை.